அமெரிக்க வரலாற்றுத் தாளில் என் அரியர் தீர்ந்த கதை

முதுகலை வரலாற்றில் எனக்கு மிச்சமிருந்த ஒரே அரியரான அமெரிக்க வரலாற்றுத் தாளில் 64 மதிப்பெண்ணுடன் தேறிவிட்டேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. முதல் முறை வாங்கியது 41. அப்போது பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பற்றிய வினாவுக்கு, 'இரு உலகப் போர்களுக்கும் இடையே அமெரிக்கா உலகத்தோடு ஒட்டுறவில்லாமல் ஒதுங்கியிருந்தது' என்று நான் எழுதிய முதல் வரியின் கீழே சிவப்பு மையில் கோடிட்டு, ஓரத்தில் 'டாவ்ஸ் திட்டம்?' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அன்று கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. 1920 மார்ச்சில், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்துகொண்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்கு ஆதரவாக 49, எதிராக 35 வாக்குகள் விழுந்தும், மூன்றில் இரண்டு பங்கு தேறாததால் செனட் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கை உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் சேராத அதே நாடுதான் 1921-இல் வாஷிங்டனில் கடற்படை மாநாட்டைக் கூட்டியது, 1924-இல் ஜெர்மனியின் போர் இழப்பீட்டுத் தவணைகளைச் சீரமைத்த டாவ்ஸ் திட்டத்தின் வழியே ஜெர்மனிக்குக் கடன் பாய வழிசெய்தது, 1928-இல் போரைக் கைவிடுவதாக நாடுகள் உறுதியளித்த கெல்லாக்-பிரியாண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிறருக்காகப் போரிடும் கடப்பாட்டை மட்டுமே அது தவிர்த்தது என்று தொடங்கினால் பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

வேறெதை விட்டாலும், பிறர் போரில் சிக்காமலிருக்க அமெரிக்கா இயற்றிய நடுநிலைமைச் சட்டங்கள் நான்கையும் விடாதீர்கள். ஆண்டுகள் என் நெஞ்சில் நிற்பதில்லை என்பதால், ஒவ்வொரு சட்டமும் எதைத் தடுத்தது, எதை விட்டது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துப் படித்தேன்.

- 1935: போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் அனுப்புவது தடுக்கப்பட்டது.
- 1936: கடன் கொடுப்பதும் தடுக்கப்பட்டது.
- 1937: உள்நாட்டுப் போர்களும் சேர்க்கப்பட்டன; ஆயுதமல்லாத சரக்கை ரொக்கம் கொடுத்துச் சொந்தக் கப்பலில் ஏற்றிச் செல்லலாம்.
- 1939 நவம்பர்: ஆயுதத்தையும் அவ்வாறே வாங்கலாம்.

கடைசி இரண்டையும் குழப்பி, 1937-லேயே பிரிட்டனுக்கு ஆயுதம் விற்கவைத்தவன் நான். அந்த ஆண்டு மூண்ட சீன-ஜப்பானியப் போரில், முறைப்படி போர் அறிவிக்கப்படாததைக் காட்டி, அதிபர் ரூஸ்வெல்ட் சட்டத்தைச் செயல்படுத்தவே இல்லை என்பதையும் சேருங்கள்.

ஆயுத வணிகரின் லாபத்தை விசாரித்த செனட்டின் நை குழுவுக்கு ஒரு வரி போதும். போர் தொடுக்க மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்ற லட்லோ அரசியலமைப்புத் திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கும் கோரிக்கை 1938 ஜனவரியில் 209-188 என்று தோற்றதை எழுதினால், மக்களின் மனநிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு உடனடிப் பணமின்றிப் போர்த் தளவாடம் தர வழிசெய்து 1941 மார்ச்சில் வந்த கடன்-குத்தகைச் சட்டத்தோடு விடையை முடித்துவிடுங்கள். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இரண்டு பக்கம் எழுதியதில்தான் முதல் முறை எனக்குக் கடைசி வினாவுக்கு நேரமில்லாமல் போனது.