ஹார்ட் டிஸ்க்கும் கிணற்றுக் கணக்கும்

மே 3, புதன்

கணினி திறக்க 11 நிமிடம். ராகிக் களி கிண்டி இறக்கி, உருண்டை பிடித்து மூடி வைத்துவிட்டு வருகிறேன், திரையில் புள்ளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போன வாரம்வரை நான்கு நிமிடம்தான். ஞாயிறுதோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து ஏற்றும் கணக்கைத் திறக்க மனம் வரவில்லை. நாளை பார்க்கலாம்.

மே 4, வியாழன்

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. பாரமே இல்லாத வண்டியை இழுக்க முடியாமல் மாடு நுரை தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. தானாகத் தொடங்கும் நிரல்களை எல்லாம் நிறுத்தினேன். தேடலுக்கு அட்டவணை போடும் சேவையையும் நிறுத்தினேன். வைரஸ் சோதனை மூன்று மணி நேரம் ஓடி, பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

2012இல் வாங்கியது. 500 ஜி.பி.

மே 5, வெள்ளி

ஓசூரிலிருந்து போன் இல்லை.

மே 6, சனி

எதிர்வீட்டுத் தம்பி வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பெட்டியைத் திறந்து தூசி தட்டி, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் போட்டான். மாற்றமில்லை. பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலை இறக்கி ஓட்டினான். நீலமாக இருக்கவேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது.

"கேபிள் பழுது என்றால் சி7 வரிசையில் எண் ஏறியிருக்கும் டீச்சர். அங்கே பூஜ்யம்தான். சி5 வரிசையைப் பாருங்கள்" என்றான். டிஸ்க் படிக்க முயன்று தோற்று, இன்னும் கைவிடாமல் காத்திருப்பில் வைத்திருக்கும் செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கையாம் அது. 10 என்று இருந்தது. பத்துதானே என்று மூச்சு விட்டேன். அது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறடிமான எண், பத்து அல்ல, பதினாறு என்றான். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முட்டி முட்டித் திரும்பப் படிப்பதால்தான் எல்லாமே தாமதமாகிறதாம்.

மே 7, ஞாயிறு

இவர் கைத்தடியோடு கிணற்றடிக்குப் போய் முடிச்சுக் கயிற்றை இறக்கிப் பார்த்தார். விளிம்பிலிருந்து 43 அடி. "ஏற்றிவிட்டாயா?" என்று உள்ளே வந்து கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

43 அடி. இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 8, திங்கள்

நேற்றிரவு உறக்கமில்லை. ஆண்டுக்கு ஒரு கோப்பு. 1999 முதல் ஒரு ஞாயிறு விடாமல் அளந்தது. 2014 வரையிலான பிரதி ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பிரதி எடுக்கவே இல்லை. நோட்டுகளைச் செல் அரித்துவிட்டது. கணினியில்தான் இருக்கிறதே என்று நானேதான் அவற்றை எரு மேட்டில் கொட்டச் சொன்னேன். நானேதான்.

இன்று ஒவ்வொன்றாகப் பென் டிரைவுக்கு நகலெடுத்தேன். 2015 போனது. 2016 போனது. 2017இல் நின்றது. இருபது நிமிடம் காத்திருந்து ரத்து செய்தேன். அடுத்ததைத் தொடப் பயமாக இருந்தது, அணைத்துவிட்டேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அதற்கு அடுத்த கோடை. கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிந்து இறக்கினார். கடைசியில் கல் மட்டும் தரையில் தட்டுப்பட்டது. மே மாதமா, ஜூனா? எந்த ஞாயிறு? எனக்கு நினைவில்லை, அவருக்கும் இருக்காது. எழுதி வைத்திருக்கிறோம் என்றுதான் இருவரும் மறந்தோம். பாலக்கோட்டில் ஒரு வீட்டுக் கிணறு எப்போது வற்றியது என்று வேறு யார் எழுதியிருப்பார்கள்?

மே 9, செவ்வாய்

பெட்டியைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் தருமபுரிக்குக் கொண்டுபோனேன். நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. பார்க்கக்கூட இல்லை. "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் அம்மா." உள்ளே இருப்பது போய்விடுமே என்றேன். "அப்படி என்ன இருக்கிறது?" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியைவிட்டு இறக்கவில்லை.

மே 10, புதன்

தம்பியிடம், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க்கை ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேய்க்க வைப்பது அது. முதலில் பிரதி, பிறகுதான் பழுது பார்ப்பது.

சி5இல் இன்று 38. அதாவது 56. நான்கே நாளில்.

டிக், டிக் என்று ஒரு சத்தம். இதற்கு முன் இல்லை. அல்லது நான் கேட்கவில்லை.

மே 11, வியாழன்

கணினியை இயக்கவில்லை. ஓசூருக்கு நானே போன் செய்தேன், எடுக்கவில்லை.

மே 12, வெள்ளி

தம்பி நண்பனிடம் 1 டி.பி. வெளி டிஸ்க் இரவல் வாங்கி வந்தான். பென் டிரைவில் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளம். விண்டோஸைத் தொடாமலே திறந்தோம். டிடிரெஸ்க்யூ என்ற நிரல். முதலில் நன்றாகப் படியும் இடங்களை எல்லாம் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும், கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். அதன் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று மாற்றித் தட்டினால் மூலமே அழிந்துபோகும். எந்தப் பெயருக்கு 500 ஜி.பி., எந்தப் பெயருக்கு 1 டி.பி. என்று தாளில் எழுதி, மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகே என்டர் தட்ட விட்டேன். மாலை 5.40. இரவு ஒன்பதுக்கு 312 ஜி.பி.

மே 13, சனி

விடியற்காலை கரண்ட் போனது. எனக்குக் கை கால் ஆடிவிட்டது. தம்பி வந்து, எதுவரை படித்தது என்று குறித்துக்கொள்ளும் மேப் கோப்பை வெளி டிஸ்க்கில்தானே வைத்தோம் டீச்சர், விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்றான். தொடர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தேன், ஏழு சாப்பிட்டான்.

இரவு நல்ல மழை.

மே 14, ஞாயிறு

99.99 சதவீதம். படியாதது 212 கே.பி. மட்டும். ஐந்நூறு ஜி.பி.யில் அது ஒரு தூசு என்கிறான் தம்பி. என் ஓர் ஆண்டுக் கோப்பு 30 கே.பி.கூட வராது. அந்தத் தூசுக்குள் ஏழு ஆண்டுகள் அடங்கும்.

அடம்பிடிக்கும் இடங்களில் மூன்றாம் சுற்று ஓடுகிறது. முடியும்வரை எதையும் திறக்கக் கூடாதாம். 212 இப்போது 208 ஆனது. எழுதும்போதே பார்த்தேன்.

இவர் கிணற்றடியிலிருந்து கத்துகிறார். 41 அடி. ஒரே மழையில் இரண்டடி ஏறியிருக்கிறது. இன்று அவரிடம் சொல்லிவிட வேண்டும், 2017ஐப் பற்றி.

204.

போன் அடிக்கிறது. ஓசூர் எண்