கையெழுத்துப் போட்டேனா

ஜூன் 17, 2020. அஸ்டோரியா, குயின்ஸ், நியூயார்க்

பிரைமரிக்கான, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கான, ஓட்டுச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. குடியுரிமை வாங்கியபின் முதல் ஓட்டு, அதுவும் சாப்பாட்டு மேஜையில். வட்டத்தை நிரப்பி, மடித்து, சின்ன உறையில் வைத்து, அதைப் பெரிய உறையில் போட்டு, சாயங்காலமே பெட்டியில் சேர்த்தாயிற்று.

ஜூன் 19

ராத்திரி இரண்டு மணி வரை வாணவேடிக்கை. யார் கொளுத்துகிறார்கள், எதற்கு? அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சலாம்.

ஜூன் 20

சின்ன உறையின் மேல் கையெழுத்து இல்லாவிட்டால் ஓட்டு செல்லாதாம். போட்டேனா? பேனாவைத் தேடியது ஞாபகம் இருக்கிறது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, எழுந்து போய் அணைத்தேன். நாக்கால் தொடக்கூடாதென்று ஈரப் பஞ்சால் ஒட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய கையெழுத்தைத்தான் காணோம். "போட்டிருப்பே, விடு" என்கிறார் இவர். கட்சியில் பதிந்துகொள்ளாதவருக்கு பிரைமரியில் ஓட்டும் இல்லை, கவலையும் இல்லை.

ஜூன் 21

சிமோட்டாஸ் 2011 முதல் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். எதிர்த்து நிற்கும் மம்தானி, கடன் கட்ட முடியாதவர்களின் வீடு பறிபோகாமல் காப்பாற்றும் வேலையில் இருந்தவர்; 'ரொட்டியும் ரோஜாவும்' என்பது அவர் கோஷம். மம்தானி பிறந்தது உகாண்டாவின் கம்பாலாவில், சிமோட்டாஸ் பிறந்தது ஜாம்பியாவில். மோதுவது குயின்ஸில்! யாருக்குப் போட்டேன் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

ஜூன் 23

நேரில் போய்ப் போட்டால் தபால் ஓட்டைத் தள்ளிவிடுவார்களாம். ஒன்பது மணி வரை நேரம் இருந்தது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். அம்மா போன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மேலே ஏறிவிட்டேன்.

ஜூன் 24

மம்தானி சில நூறு ஓட்டு முன்னால். தபால் ஓட்டு எண்ணவில்லை. மதுரையில் இன்றிலிருந்து முழு ஊரடங்கு. விமானமும் கிடையாது.

ஜூலை 5

"என்னடி, இன்னுமா எண்ணுறாங்க? நம்ம ஊர்ல மத்தியானத்துக்குள்ள பட்டாசு வெடிச்சிருவானுங்க." அப்பாவைப் பற்றிக் கேட்டால் அம்மா இப்படித்தான் எதையாவது பேசுகிறாள்.

ஜூலை 11

கையெழுத்தில்லாத உறை, முத்திரை விழாத உறை எல்லாவற்றையும் ஒதுக்குகிறார்களாம். தபால்தலை தேவைப்படாத உறை என்பதால் சிலவற்றில் தேதி முத்திரையே குத்தவில்லையாம். சரி, அது என் குற்றமில்லை. கையெழுத்து?

ஜூலை 12

ஆக்ஸிஜன் 91.

ஜூலை 13

ஏதோ ஊசிக்குச் சம்மதப் படிவம், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பி வாட்ஸப்பில் அனுப்பினான். அச்செடுத்து, போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பியபின் மூன்று தடவை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 17

94. கஞ்சி குடித்தாராம்.

ஜூலை 23

சிமோட்டாஸ் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். வித்தியாசம் நானூற்றுச் சொச்சம். என்னுடைய ஓட்டு எண்ணிய கட்டுக்குள்ளா, ஒதுக்கிய கட்டுக்குள்ளா, எங்கே கிடக்கிறதோ.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வீடியோவில் குரல் கம்மியிருந்தது. "யாருக்குப் போட்ட?" சொல்லவில்லை. "மை வச்சாங்களா?" இங்கே மையெல்லாம் கிடையாதுப்பா என்றேன். நம்பவில்லை. விரலைக் காட்டச் சொன்னார்.