வினாக்கொத்தின் தமிழ்: கொழும்பில் போதைப் பழக்க ஆய்வுக்கு இறங்குமுன்

போதைப் பழக்க ஆய்வில் முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிபவர்கள் முதலில் ஓடுவது புள்ளிவிபரவியல் வகுப்புக்கு. ஆனால் ஆய்வு சறுக்குவது பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாக்கொத்தின் தமிழில்தான்.

‘ட்ரக்’ என்பதை ‘மருந்து’ என்று பெயர்த்தால் பனடோல் போட்டவரும் ‘ஓம்’ என்பார். ‘போதைப்பொருள்’ என்றால், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகபலினைப் போதைக்காக விழுங்குபவர் ‘இல்லை’ என்பார். அவருக்கு அது வெறும் குளிசை. ‘டொக்டர் எழுதித் தராத குளிசை, எழுதியதை விடக் கூட எடுத்த குளிசை’ என்று விரித்துக் கேட்டால்தான் உண்மை வரும். மெதம்பெட்டமைனுக்கு ‘ஐஸ்’, ஹெரோயினுக்கு ‘குடு’ என்றே அச்சிடுங்கள்.

கேம் பழக்கத்துக்கான 9 கேள்வி அளவுகோலிலும் (IGDS9-SF, கேள்விக்கு 1 முதல் 5 புள்ளி) இதே வில்லங்கம். ‘விளையாட்டு’ என்று போட்டால் வெள்ளவத்தையில் கிரிக்கெட் அடிக்கும் பையனும் புள்ளி எடுத்துவிடுவான். ‘போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆடும் கேம்’ என்பது போதும். 9 முதல் 45 வரை வரும் கூட்டுத்தொகையை வைத்து ஒருவரை ‘அடிமை’ என்பதும் பிழை. 5 கேள்விகளுக்காவது ‘மிக அடிக்கடி’ என்று சொன்னவர்களைத் தனியே பிரியுங்கள். அதுவும் நோய் நிர்ணயம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 கேட்பது வேறு: கட்டுப்பாடு தவறுதல், மற்ற வேலைகளைப் பின்தள்ளுதல், பாதிப்புத் தெரிந்தும் விடாமை, அதனால் வாழ்க்கை குலைதல். பொதுவாக இவை 12 மாதம் நீடிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பை இருவர் தனித்தனியே செய்யட்டும். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ் என்றால் மற்றவர் மலையகமோ கொழும்போ. இரண்டையும் இணைத்தபின், மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வியை வாசித்து, விளங்கியதைச் சொந்தச் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

இதையெல்லாம் முடித்த பிறகே நெறிமுறைக் குழுவுக்கு முழு வினாக்கொத்தையும் அனுப்புவது நல்லது. அனுமதி கிடைத்தபின் ஒரு சொல்லை மாற்றினாலும் திருத்த விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. கையொப்பமில்லாத வாய்மொழிச் சம்மதம் பெறக் குழுவிடம் காரணத்தோடு அனுமதி கேளுங்கள்: 2022இன் சட்டத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸுக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். அந்த அச்சத்தில் யார் பெயர் எழுதுவார்? 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் இசைவும் தேவை.

95% நம்பிக்கை, 5% பிழை எல்லை என்று வைத்து வரும் மாதிரி எண்ணிக்கை 384 என்பது எழுமாற்றுத் தெரிவுக்கு உரியது. ஆளுக்கு மூன்று கூப்பன் கொடுத்து ஆள் மூலம் ஆள் சேர்ப்பதானால் வடிவமைப்பு விளைவை (எழுமாற்றுத் தெரிவைவிட எத்தனை மடங்கு மாதிரி வேண்டும் என்பதை) 2 என்று கொண்டு 768 வரை போக வேண்டும். இதைத்தான் மதிப்பீட்டாளர்கள் முதலில் பிடிப்பார்கள்.

நேர்காணல் முடிவில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அச்சிட்ட துண்டு கொடுப்பது வழக்கம். அதில் ‘போதை’ என்ற சொல் இருக்கவே கூடாது. சட்டைப் பையில் அதை முதலில் கண்டெடுப்பது வீட்டார்தான்.