ஸ்கிரிப்டிலிருந்து எடுத்த பத்தி

'கன் கிளப்' என்ற அமெரிக்க ராக் பேண்டைப் பற்றிய ஒலிபரப்புக்கான ஸ்கிரிப்டை முடிக்கும் நேரத்தில் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். எடுத்ததற்குக் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் கூட வேலை செய்யும் தம்பி அன்று கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஃபயர் ஆஃப் லவ்', 1981-இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பங்க் ராக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள், மிசிசிப்பியின் கறுப்பின மக்களுடைய பழைய ப்ளூஸ் இசையை எடுத்து, ஸ்லைடு கிட்டாரோடு தலைதெறிக்க வாசித்தார்கள். ராபர்ட் ஜான்சன் 1936-இல் சான் அன்டோனியோவில் பதிவு செய்த பாட்டு ஒன்று அதில் உண்டு. டாமி ஜான்சன் 1928-இல் மெம்பிஸில் பாடியதும் உண்டு. அந்த இரண்டு கறுப்பினக் கலைஞர்களின் பெயரையும் சொல்லாமல் இந்த பேண்டின் கதையைத் தொடங்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள் நான்தான்.

அதே ஆல்பத்தில் வேறொரு பாட்டில், கறுப்பர்களை இருட்டில் வேட்டையாடியதாக பேண்டின் பாடகர் ஜெஃப்ரி லீ பியர்ஸ் பாடுகிறார், அந்த இழிசொல்லையே போட்டு. நான் எடுத்தது அதைப் பற்றிய பத்தியைத்தான்.

"அக்கா, ராபர்ட் ஜான்சன் பேரைப் பெருமையாச் சொல்றோம். அவர மாதிரி ஆளுங்கள வேட்டையாடுறதாப் பாடினதை மட்டும் விட்டா எப்படி?"

"அது பாட்டுல வர்ற ஆளோட குரல்ப்பா, பியர்ஸோடது இல்ல."

"சரிக்கா, அதையே சொல்லிடலாமே?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அரைகுறையாகச் சொன்னால் கேட்பவர்கள் மனதில் அந்தச் சொல் மட்டும்தான் தங்கும், விளக்கம் தங்காது. கொலைவெறி பிடித்த ஒருவனின் வாயில் வைத்த வரி அது என்று புரியவைக்கத் தனியாக ஒரு பகுதியே வேண்டும். அவகாசம் இல்லாதபோது விட்டுவிடுவதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

பியர்ஸ் கறுப்பின இசையில் ஊறியவர், 'ஸ்லாஷ்' பத்திரிகையில் ஜமைக்காவின் ரெகே இசை பற்றி எழுதியவர். வெறுப்பில் பாடியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அத்தனை நேசித்தவருக்கு அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வாயில் வந்திருக்கிறது! நேசம் இருந்தால் அந்த உரிமை வந்துவிடுமா? கேட்கலாமென்றால் அவரும் இல்லை, 1996-இல் 37 வயதில் போய்விட்டார். இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டும்தானா என்றும் தோன்றுகிறது. ஜான்சன்களின் பெயரை ஸ்கிரிப்டின் உச்சியில் வைத்ததும் நம் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேனோ? அப்படியும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயர்களைக் கூடச் சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

தம்பி அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அடுத்த ஆல்பமான 'மயாமி' பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1982-இல் வந்தது, 'பிளாண்டி' பேண்டின் கிறிஸ் ஸ்டீன் தயாரித்தது. எடுத்த பத்தியை அதன் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, எடுத்தேன். நேற்று மறுபடியும் வைத்திருக்கிறேன்.