பாஸ்வேர்ட் கேட்ட பிள்ளை

“ஃபார்முலாவைப் பார்க்கணும் அங்கிள். ஷீட்டோட பாஸ்வேர்ட் கொடுங்களேன்.”

அவள் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னதும் அதிகமில்லை. “அது சம்பள ஷீட்டுமா. வெளியாள் கையில கொடுக்க முடியாது. தப்பு இருக்குன்னா எக்செல்லயே போட்டுக் காட்டு.”

சரி என்று தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றரை வருடம் ஆகிறது. வெளியாள் என்று ஏன் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். நான் செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அவள் எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளை. அவள் அப்பா மில்லில் வேலை செய்கிறவர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கம், சுங்கை சிப்புட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எத்தனையோ தடவை என் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் வணிகப் பகுப்பாய்வு மூன்றாம் ஆண்டு. பிராக்டிக்கலுக்கு எங்கள் ஆபீஸைத்தான் கேட்டு வந்தாள். வந்த இரண்டாவது வாரமே ஒரு பழைய தொல்லையைத் தீர்த்தாள். 2001-இலிருந்து 2009 வரை பிறந்தவர்களின் ஐசி எண், அதாவது அடையாள அட்டை எண், ஒரு பூஜ்யத்தில் தொடங்கும். சிஎஸ்வி என்ற எழுத்துக் கோப்பை எக்செல்லில் அப்படியே திறந்தால் அந்தப் பூஜ்யம் காணாமல் போய், 12 இலக்கம் 11 ஆகிவிடும். நான் ஒவ்வொரு மாதமும் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். ஐசி எண் கணக்குப் போடுகிற எண்ணே இல்லை, உள்ளே வரும்போதே அதை எழுத்தாகப் படிக்கச் சொல்ல வேண்டும் என்றாள். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரே வரி. எக்செல்லிலும் பவர் கொயரியில் செய்யலாம் என்று அதையும் காட்டினாள். ஈப்போவில் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு மென்பொருள் வகுப்புக்குப் போய் வேலைக்குச் சேர்ந்தவன் நான். எங்கள் பிள்ளை ஒருத்தி இப்படிப் பேசுவதைக் கேட்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதனால்தான் பவர் பிஐயில் பிளாக் வாரியாகக் குலை வெட்டும் செலவைப் படம் போடும் வேலையை அவளிடம் கொடுத்தேன். குலை எடை, ஒரு டன்னுக்கு எவ்வளவு கூலி என்ற பட்டியல், மாத மொத்தம், மூன்றும் அவளிடம் இருந்தன. ஆள் வாரியான சம்பளத்தை மட்டும் கொடுக்கவில்லை. அவள் பைத்தானில் எடையையும் பட்டியலையும் இணைத்துப் பெருக்கியபோது வந்த மொத்தம் என் மொத்தத்தோடு ஒட்டவில்லை. 4-ஆம் பிளாக் பக்கத்தில் இடிக்கிறது என்றாள். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. அதைப் பார்த்தேன் என்றுதான் சொல்லலாம், படித்தேன் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் பாஸ்வேர்ட் கேட்டாள்.

கொடுக்காததில் நியாயம் இருந்தது. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஷீட்டில் இருக்கிறது. அதே லயத்தில் குடியிருக்கிற பிள்ளைக்கு அதைத் திறந்து காட்டக்கூடாது. இன்று கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஒரு கட்டத்தில் இருந்த ஃபார்முலாவை மட்டும் காட்டியிருக்கலாமே? இரண்டு நிமிட வேலை. அன்று செக்ரோல் என்கிற மாதக் கூலிக் கணக்கை முடிக்கும் நாள், தலைக்கு மேல் வேலை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். மறுநாள் அவ்வளவு வேலை இல்லை என்பதும் உண்மைதான்.

அவள் போய் மூன்று மாதம் கழித்து, குலை வெட்டும் அண்ணன் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தது. தேதி, பிளாக், குலை எண்ணிக்கை எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தார். “கம்பு அருவா போட்டு வெட்டுன மரத்துக்கு, உளியில குத்துற மரத்தோட காசு போட்டிருக்கீங்க கிராணி” என்றார். உயர்ந்த மரத்துக்குக் கம்பு அருவா, சின்ன மரத்துக்கு உளி. சத்தம் போடவில்லை.

தவறு இப்படி நடந்திருந்தது. 4-ஆம் பிளாக்கில் பாதியை மறுநடவு செய்திருந்தோம். அந்தச் சின்ன மரங்களில் வெட்டு தொடங்கிய மாதம் அதற்கு எஃப்04 என்று குறைந்த விலை போட்டேன். உயர்ந்த மரங்கள் நிற்கிற மீதிப் பாதிக்கு எஃப்04ஏ என்று புதுக் குறி கொடுத்து, பட்டியலின் கடைசி வரிசையில், எஃப்14-க்குக் கீழே சேர்த்தேன். என் ஃபார்முலா விலுக்கப், பட்டியலில் தேடி விலையை எடுத்துக் கொடுப்பது. அதன் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று போடாவிட்டால், பட்டியல் வரிசையாக இருக்கிறது என்று நம்பி எக்செல் தேடும். சரியானது அகப்படாவிட்டால் அதற்கு முந்தியதை எடுத்துக்கொள்ளும். எஃப்04ஏ கடைசியில் கிடக்க, அது எஃப்04-இன் விலையை எடுத்துக் கொடுத்துவிட்டது. பிழை என்று ஒரு அடையாளமும் காட்டவில்லை. 2009-இலிருந்து பட்டியல் வரிசையாகவே இருந்ததால் அந்த ஓட்டை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

ஏழு பேருக்கு ஐந்து மாதம் குறைந்த காசு. மேனேஜரிடம் சொல்லி பாக்கியைக் கொடுத்துவிட்டோம். தொகை பெரிதில்லை. ஆனால் ஐம்பது ரிங்கிட் அவர்கள் வீட்டில் என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே லயத்தில் வளர்ந்தவன்தான்.

அதற்குப் பிறகு ஒரு கதை படித்தேன். அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் எழுதினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுத்ததில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. 2013-இல் அது வெளியே வந்தது. அவ்வளவு பெரிய அறிஞர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அவர்கள் கேட்ட மாணவனுக்குக் கோப்பைக் கொடுத்தார்கள், அதுதான் என்னைக் குத்தியது.

அவள் தன் கோப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே விட்டுப் போயிருந்தாள். எங்களிடம் பைத்தான் இல்லை, ஓட்டத் தெரிந்தவரும் இல்லை. அவள் போன அன்றே அந்த வேலை நின்றுபோனது. எந்த மென்பொருளைப் படித்தாலும், விட்டுவிட்டு வருகிற இடத்தில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி செய்யத் தெரிய வேண்டும் என்று அதை வைத்துத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். வெறும் எழுத்துதான், யாரும் படிக்கலாம். மேலே, # குறி போட்ட வரிகளில் தமிழில் எழுதியிருந்தாள்: “எஃப்04ஏ-க்கு உயர மரத்தின் விலை வரவில்லை. அங்கிளிடம் மறுபடி கேட்க வேண்டும்.”

மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா?

இந்த வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. முதலில் எதைப் படிப்பது என்று கேட்டான். எக்செல், அப்புறம் தரவுத்தளத்தில் தேடி எடுக்கிற எஸ்கியூஎல், பைத்தானை விட்டுவிடாதே, பவர் பிஐ கடைசியில் தானாக வரும் என்றேன். எக்செல்லை முதலில் சொன்னது அவனுக்காகவா, எனக்காகவா என்று எனக்கே பிடிபடவில்லை. தோட்ட ஆபீஸ், கடை, கிளினிக் எங்கே போனாலும் அதுதான் இருக்கிறது என்பது நிஜம். விலுக்கப்புக்குப் பதிலாக வந்த புது எக்ஸ்லுக்கப் தானாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும் என்பதையும் சொன்னேன். ஆனால் எங்கள் ஆபீஸில் இருப்பது பழைய எக்செல், அதில் அது கிடையாது.

சனிக்கிழமை லேப்டாப்போடு வருகிறேன் என்றிருக்கிறான். பெயர்களையும் ஐசி எண்களையும் அழித்துவிட்டு அந்த ஷீட்டின் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பாஸ்வேர்ட் போடவில்லை.