வேப்ப எண்ணெய் அடிக்கறதுக்கு முன்னாடி இலைய திருப்பி பாருங்க

வீட்டுக்குள்ள செடி வளக்கறவங்க யாரும் பூச்சிகிட்ட இருந்து தப்பிச்சதா சரித்திரம் இல்ல. இலைல ஏதோ வெள்ளையா தெரியுதுன்னு கேட்டா உடனே எல்லாரும் சொல்ற ஒரே பதில் "வேப்ப எண்ணெய் அடிங்க". தப்பான பதில்னு சொல்லல, நானும் அதத்தான் அடிக்கறேன், ஆனா எந்த பூச்சின்னே பாக்காம இலை மேல மட்டும் ஒரு தடவ தெளிச்சு விட்டுட்டு அடுத்த வாரம் "ஒன்னும் வேலைக்கு ஆகல"ன்னு புலம்பறவங்கதான் ஜாஸ்தி. பூச்சி இருக்கறது இலைக்கு அடியில, இலைக்காம்பு தண்டோட சேர்ற இடுக்குல, சில சமயம் மண்ணுக்குள்ள. நீங்க அடிக்கறது அதுங்களுக்கு கூரை மேல பெய்யற மழை.

முதல்ல மாவுப்பூச்சி. பஞ்சு துணுக்கு ஒட்டிட்டு இருக்கற மாதிரி இருக்கும், கொஞ்சம் உத்து பாத்தா அந்த பஞ்சுக்குள்ள முட்டை வடிவத்துல, ஓரமெல்லாம் சின்ன சின்ன முள்ளு நீட்டிட்டு ஒரு உடம்பு தெரியும். இது சாறு உறிஞ்சி பிசுபிசுன்னு ஒரு தேன் மாதிரி கழிவு விடும், அதுக்கு எறும்பு வரும், அதுமேல கருப்பா பூஞ்சை படரும். அதனால தொட்டில எறும்பு ஏறி இறங்கிட்டே இருந்துச்சுன்னா எறும்ப திட்டறதுக்கு முன்னாடி அது எங்க போகுதுன்னு பாருங்க, அது உங்களுக்கு பூச்சி இருக்கற இடத்த காட்டிக் குடுக்கும். கொஞ்சமா இருந்தா ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம், காது குடையற பட்ஸ 70% ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்சு ஒவ்வொன்னா தொட்டா போதும். தொட்ட உடனே வெள்ளை மாவு கரைஞ்சு உள்ள இருக்கற உடம்பு மஞ்சளாவோ பழுப்பாவோ வெளிய தெரியும், அப்போ ஆல்கஹால் உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். மெல்லிசான இலை உள்ள செடின்னா முதல்ல ஒரே ஒரு இலைல தொட்டு வெச்சு ரெண்டு நாள் பாத்துட்டு மிச்சத்துக்கு போங்க.

எல்லாத்தையும் எடுத்தாச்சு, ஆனாலும் திரும்பத் திரும்ப வருதுன்னா செடிய தொட்டியில இருந்து உருவி வேர பாருங்க. வேர்லயே வாழற மாவுப்பூச்சி இருக்கு, வேர் மேலயும் தொட்டியோட உள் சுவர்லயும் வெள்ளையா பொடி தூவின மாதிரி இருக்கும். மேல எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு ஒரு கவலையும் இல்ல. பழைய மண்ண மொத்தமா உதறி, வேர கழுவி, புது மண்ணுல வெக்கறதுதான் வழி.

அடுத்தது செதில் பூச்சி, இத நிறைய பேர் பூச்சின்னே நினைக்க மாட்டாங்க, ஏன்னா நகராது, தண்டு மேல பழுப்பு கலர்ல ஒரு மேடு அவ்வளவுதான். நகத்தால லேசா நெம்பி பாருங்க, சிப்பி மாதிரி கழண்டு வந்தா அது பூச்சி, வராம தண்டோட தோல் கிழிஞ்சா அது தண்டு. பெரிய பூச்சிக்கு மேல ஓடு இருக்கறதால தொட்டா மட்டும் சாகற மருந்தெல்லாம் உள்ள இறங்காது. நகத்தாலயோ பழைய பிரஷ்ஷாலயோ சுரண்டி எடுத்துட்டு, அப்புறம் புதுசா பொரிஞ்சு ஊர்ந்து போற குஞ்சுங்களுக்காக எண்ணெய் அடிக்கணும். சுரண்டாம எண்ணெய் மட்டும் அடிக்கறது பாதி வேலை.

இப்போ என் ஜென்ம விரோதி, சிலந்திப்பேன். ஸ்பைடர் மைட்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்கு தெரியும். இது பூச்சி இனமே கிடையாது, சிலந்தியோட சொந்தக்காரன், வளந்ததுக்கு எட்டு கால். சைஸ் அரை மில்லிமீட்டர் தான், அதனால பூச்சிய பாத்து கண்டுபிடிக்கறத விட இலைய பாத்து கண்டுபிடிக்கறது ஈஸி: ஊசியால குத்தின மாதிரி வெளிர் மஞ்சள் புள்ளி இலை முழுக்க, அப்புறம் இலை மொத்தமா சாயம் போன மாதிரி ஆயிடும். நூலாம்படை கண்ணுக்கு தெரியற ஸ்டேஜ் வந்துட்டா ஏற்கனவே லேட்டு. சந்தேகமா இருந்தா இலைக்கு கீழ ஒரு வெள்ளை பேப்பர பிடிச்சுட்டு இலைய தட்டுங்க, விழுந்த தூசில ஏதாவது ஒன்னு நடக்க ஆரம்பிச்சா முடிஞ்சுது கதை.

சூடும் வறண்ட காத்தும் இருந்தா இதுக்கு கொண்டாட்டம், நல்ல சூட்டுல முட்டைல இருந்து வளந்த சிலந்திப்பேனா ஆக ஒரு வாரமே போதும். இங்க ஒன்னு அழுத்தி சொல்றேன், இமிடாகுளோபிரிட் மாதிரி பூச்சி மருந்து இதுக்கு கேக்காது, சொல்லப்போனா அத போட்டப்புறம் பேன் இன்னும் பெருகின கேஸெல்லாம் ஆராய்ச்சிலயே பதிவாயிருக்கு. முதல் மருந்து தண்ணி. செடிய பாத்ரூமுக்கு தூக்கிட்டு போய் சாய்ச்சு வெச்சு இலையோட அடிப்பக்கம் ஷவர்ல நல்லா வேகமா அடிச்சு கழுவுங்க, பாதி கூட்டம் அங்கயே போயிடும். அப்புறம்தான் சோப்போ வேப்ப எண்ணெயோ.

அசுவினி, அதாவது ஏஃபிட் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், புதுத் துளிர்ல கூட்டமா உக்காந்திருக்கும், ஆண் இல்லாமலே குட்டி போடும், அதான் திடீர்னு அவ்வளவு. உரம் அதிகமா, அதுவும் நைட்ரஜன் அதிகமா போட்டு துளிர் தளதளன்னு வந்தா இன்னும் ஜாஸ்தி வரும். விரலாலயே நசுக்கலாம், இல்ல தண்ணி அடிச்சா விழுந்துடும். வெள்ளை ஈயும் இலை அடியிலதான், செடிய தட்டினா குபீர்னு பறக்கும், மஞ்சள் ஒட்டு அட்டை வெச்சுட்டு இலை அடியில இருக்கற குஞ்சுங்களுக்கு சோப்பு தண்ணி அடிங்க.

த்ரிப்ஸ், அதாவது இலைப்பேன், இது தான் பொறுமைய சோதிக்கும். இலைல வெள்ளி பூசின மாதிரி பளபளன்னு திட்டு, அதுமேல பொடிப்பொடியா கருப்பு புள்ளி (அது கழிவு) இருந்தா இவன்தான். முட்டைய இலையோட சதைக்குள்ளயே குத்தி வெச்சிடும், கூட்டுப்புழு பெரும்பாலும் மண்ணுல போய் உக்காந்துக்கும், நம்ம ஸ்ப்ரே ரெண்டு பேரையும் தொடாது. நடுவுல வெளிய இருக்கறவங்க மட்டும்தான் சாவாங்க. அதனாலதான் அஞ்சுல இருந்து ஏழு நாளைக்கு ஒரு தடவ, குறைஞ்சது மூணு நாலு ரவுண்டு அடிக்கணும். இந்த கணக்கு எல்லா பூச்சிக்கும் பொருந்தும், எந்த மருந்துங்கறத விட ரெண்டாவது மூணாவது ரவுண்ட விடாம அடிச்சீங்களாங்கறதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன்.

வேப்ப எண்ணெய் கலக்கறது எப்படின்னா, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில முதல்ல 1-ல இருந்து 2 மில்லி லிக்விட் சோப்பு, அப்புறம் 5 மில்லி எண்ணெய், நல்லா குலுக்கி பால் மாதிரி ஆகணும், மேல எண்ணெய் மிதந்துச்சுன்னா இலை கருகும். கலந்தத அன்னைக்கே தீத்துடுங்க, எடுத்து வெச்சா அதுல பூச்சிய அடக்கற சரக்கான அசாடிராக்டின் கொஞ்சம் கொஞ்சமா வீரியம் இழந்துடும். சாயங்காலம் அடிங்க, வெயில் படற ஜன்னல்ல வெச்சு அடிக்காதீங்க. சோப்புன்னா பொட்டாஷ் சோப்பு நல்லது, பாத்திரம் தேய்க்கற லிக்விடெல்லாம் டிடர்ஜென்ட், இலை மேல இருக்கற மெழுகையும் சேத்து எடுத்துட்டு போயிடும். அப்புறம் சோப்பு தண்ணி ஈரமா பூச்சி மேல பட்டாத்தான் கொல்லும், காஞ்சப்புறம் அதுக்கு பவர் இல்ல, அதனால குறி பாத்து அடிங்க.

தொட்டிய சுத்தி கொசு மாதிரி குட்டி ஈ பறந்தா அது ஃபங்கஸ் நாட், இலைக்கு அடிச்சு பிரயோஜனமே இல்ல, புழு மண்ணுல இருக்கு. உருளைக்கிழங்கு ஒரு துண்டு வெட்டி மண்ணு மேல வெச்சு ரெண்டு நாள் கழிச்சு திருப்பி பாருங்க, கருப்பு தலையோட கண்ணாடி மாதிரி புழு ஒட்டிட்டு இருந்தா உறுதி. மேல் மண்ணு ரெண்டு இன்ச் காயற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. அதுலயும் அடங்கலன்னா பிடிஐ, அதாவது கொசுப் புழுவுக்கு போடற அதே பாக்டீரியா, அத தண்ணில கலந்து ஊத்துங்க.

புதுசா வாங்கின செடிய ரெண்டு மூணு வாரம் மத்த செடிங்க பக்கத்துல விடாதீங்க, இது எல்லாரும் சொல்றது, யாரும் செய்யறதில்ல. செடி பாதிக்கு மேல போயிடுச்சு, நாலு ரவுண்டு அடிச்சும் அடங்கலன்னா, நல்லா இருக்கற ஒரு தண்டை வெட்டி கழுவி வேர் விட தண்ணில போட்டுட்டு மிச்சத்த கவர்ல கட்டி குப்பைல போடுங்க. பாசம் பாத்தா பக்கத்து தொட்டியும் போகும்.

அப்புறம் ஃபெர்ன் வெச்சிருக்கறவங்களுக்கு ஒன்னு: இலை அடியில பழுப்பு புள்ளிங்க கோடு போட்ட மாதிரி வரிசையா இருந்தா சுரண்டிடாதீங்க, அது ஃபெர்னோட ஸ்போர், அதாவது விதைக்கு பதிலா அது பரவறதுக்கு வெச்சிருக்கற பொடி இருக்கற கொத்து. செதில் பூச்சி பொதுவா அவ்வளவு ஒழுங்கா ஒரே இடைவெளி விட்டு உக்காராது.