எக்கோ நார்மல், ஆனா இதயத்துல இரும்பு

7 பிப்ரவரி 2024
இன்னைக்கு ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க. எட்டு மாசக் குழந்தையில ஆரம்பிச்சது, இப்ப 24 வயசு. எனக்கு தலசீமியா மேஜர், ஒடம்பு தேவையான அளவு நல்ல ரத்தத்த உருவாக்காத பொறவி நோய், இதுன்னா இதுதான் வாழ்க்க, மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம். ஒவ்வொரு யூனிட்லயும் 200லருந்து 250 மில்லிகிராம் இரும்பு உள்ள வருது, ஒடம்பு தானா வெளிய விடுறது ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான், மிச்சமெல்லாம் எங்கயாச்சும் படிஞ்சுதான ஆகணும். புது டாக்டர் ஃபைல பொரட்டிட்டு "இதயத்துக்கு டி2 ஸ்டார் எப்பம்மா எடுத்தீங்க"ன்னு கேட்டாரு. இதயத்துல எவ்ளோ இரும்பு படிஞ்சிருக்குன்னு பாக்குற எம்ஆர்ஐ ஸ்கேனாம் அது. நானும் அம்மாவும் முழிச்சோம். ஒடம்புல இரும்பு எவ்ளோ சேந்திருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட் ஃபெரிட்டின் 1300, இதயத்துக்கு எடுக்குற அல்ட்ராசவுண்ட் எக்கோ நார்மல், இத்தன வருஷமா இது ரெண்டையும்தான் பாத்தாங்க.

19 பிப்ரவரி
ஸ்கேன் முடிஞ்சுது. மூக்குத்தி கழட்டவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. நெஞ்சுல ஈசிஜி ஒயர் ஒட்டி உள்ள தள்ளிட்டாங்க, ஊசி மருந்து எதுவும் இல்ல. "மூச்ச விடுங்க, அப்படியே நிறுத்துங்க"ன்னு ஹெட்ஃபோன்ல குரல் வரும், ஒடனே டக டகன்னு சத்தம். டெக்னீஷியன் அண்ணன் பொறுமையா சொன்னாரு: அந்த ஒரே மூச்சுக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் நேரம் தள்ளித் தள்ளி எட்டு படம் எடுக்குதாம், இரும்பு இருக்குற எடத்துல காந்தப்புலம் கொழம்பிப் போறதால சிக்னல் சீக்கிரமா மங்கிடும், படம் கறுத்துக்கிட்டே வரும், எவ்ளோ வேகமா கறுக்குதுன்னு மில்லிசெகண்ட்ல கணக்குப் பண்றதுதான் டி2 ஸ்டார். ரெண்டு கீழறைக்கும் நடுவுல இருக்குற சுவர்லதான் அளப்பாங்களாம், மத்த பக்கம் நுரையீரல் காத்து பக்கத்துல இருக்குறதால கணக்கு தப்பிடுமாம்.

23 பிப்ரவரி
8.7.
20க்கு மேல இருந்தா பயமில்ல, 10க்குக் கீழன்னா கடுமையான இரும்பு. லிவர்ல கொஞ்சம்தான் இருக்காம், அதான் நம்பவே முடியல. லிவரும் ஃபெரிட்டினும் நல்லா இருந்தா இதயமும் நல்லா இருக்கும்னு சொல்ல முடியாதுன்னு லண்டன் டாக்டருங்க 2001லயே எழுதிட்டாங்களாம். 2009ல 652 பேர வச்சு பண்ண ஆய்வுல, ஒரு வருஷத்துக்குள்ள இதயம் செயலிழந்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு அளவு 10க்குக் கீழதான் இருந்துச்சு. ராத்திரி தூக்கமே வரல. நெஞ்சுல கைய வச்சிட்டு படுத்துக் கெடந்தேன்.

2 மார்ச்
இரும்ப வெளிய எடுக்க ரெண்டு மருந்து: தோலுக்கடியில ஊசி வழியா மெதுவா ஏத்துற டெஸ்ஃபெரால் பம்ப் வாரத்துல அஞ்சு ராத்திரி, கூடவே டெஃபெரிப்ரோன் மாத்திரை தெனமும் மூணு வேளை. யூரின் செவப்பா போகுது, அம்மா பதறிட்டாங்க, இரும்பு வெளிய போற கலர்தான்மான்னு நர்ஸக்கா சமாதானம் சொன்னாங்க. இந்த மாத்திரையால வெள்ளை அணு கொறஞ்சிடலாமாம், அதனால வாராவாரம் அத பாக்கணும், காய்ச்சல்னா ஒடனே மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

11 மார்ச் 2025
12.9!
ஒரு வருஷத்துக்கு நாலு புள்ளிதானான்னு மொதல்ல சப்புன்னு ஆயிருச்சு. லிவர்ல இருந்து சீக்கிரம் போயிடும், இதயம் லேசுல விடாது, இதுவே நல்ல முன்னேற்றம்னு டாக்டர் சொன்னாரு. தலசீமியா இருக்குற தம்பி தங்கச்சிங்க யாராச்சும் இத படிச்சா, ஃபெரிட்டின் கம்மின்னு விட்ராதீங்க, இதயத்துக்குத் தனியா டி2 ஸ்டார் வேணும்னு வாய் விட்டுக் கேளுங்க.
அம்மா நோட்டுல 8.7க்குக் கீழ 12.9 எழுதி தேதி போட்டாங்க. இன்னைக்கு ராத்திரி ஊசி இடது பக்கம், வலது பக்கம் வீக்கம் இன்னும் வடியல.